இரவல் தொண்டை

லியோனியின் வாய் திறந்தது, ஹெர்மினாவின் தொண்டையிலிருந்து சத்தம் வந்தது. மூன்றாம் அங்கம் தொடங்கி நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மேடைக்கு இடதுபுறம், திரைச்சீலையின் மடிப்பை ஒட்டி, பாட்டுத்தாள் வைக்கிற ஒரு நோட்டுத்தாங்கி, அதன் தலையில் ஒரு சின்ன விளக்கு, அதற்குப் பின்னால் கறுப்பு உடுப்பில் ஹெர்மினா வாஸ், வயது நாற்பத்தெட்டு. மேடையின் நடுவில் சிவப்புப் பட்டும் பொய்முடியுமாக, ராணி வேஷத்தில் லியோனி, வயது இருபத்தேழு. லியோனியின் தொண்டை கட்டிவிட்டது, அவள் நடிப்பாள், பாட்டு மட்டும் ஓரத்திலிருந்து வரும் என்று தொடங்கும் முன்பே ஒருவர் திரைக்கு வெளியே வந்து சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு வந்திருந்த கிழவர்களும் கிழவிகளும் ‘ஐயோ பாவம்’ என்ற மாதிரி ஒரு சத்தம் எழுப்பினார்கள். அந்தப் பாவம் யாருக்கு என்று ஹெர்மினாவுக்குப் புரிந்துதான் இருந்தது. இப்போது அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் இருக்க முடியாது, வாய் மூடுகிற கணத்தில் தானும் முடிக்க வேண்டும். நல்ல வாய், சின்ன வாய், உதட்டுச் சாயம் பல்லில் லேசாக ஒட்டியிருக்கிறது, மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவே எச்சில் ஒரு நூலாக இழுபட்டு விளக்கு வெளிச்சத்தில் மின்னி அறுந்தது. ஹெர்மினாவுக்குத் தன் மூச்சு போய் இன்னொருத்தியின் எச்சிலில் நனைந்து வெளியே போகிற மாதிரி இருந்தது. யாரோ மென்று துப்பியதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்ட மாதிரி. இல்லை, தான் மென்று கொடுத்ததை அவள் விழுங்குகிற மாதிரி. எது என்று தீர்மானிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. பாடினாள்.

வயலின்கள் எட்டுத் தாள அளவுகள் தனியாகப் போகும். அதுவரை சும்மா நிற்கலாம். சும்மா நிற்பதுதான் கஷ்டம். காலையில் பல்கூடத் தேய்க்கவில்லை, ஸ்டால்மன் போன் பண்ணிவிட்டான். இந்த ஓபரா அரங்கின் தலைமை அவன், பதினேழு வருஷமாக. “ஹெர்மினா, என் தங்கமே, இந்த ஊரிலேயே அந்த ராணியை மனப்பாடமாகத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்” என்றான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று சொன்ன அன்றும் என் தங்கமே என்றுதான் ஆரம்பித்தான். அன்றைக்குக் கையில் பூச்செண்டு வேறு. லில்லிப் பூ. அதன் மகரந்தம் உடுப்பில் ஒட்டி மஞ்சள் கறையாகி, துவைக்கத் துவைக்கப் பரவியது. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவும்தான் வாயெடுத்தாள். ஆனால் ‘எத்தனை மணிக்கு வர வேண்டும்’ என்று அந்த வாயே கேட்டது. அந்த அவசரம்தான் இன்னும் குமட்டுகிறது, பந்தி முடிந்தபிறகு கூப்பிட்ட வீட்டுக்கு இலையைத் தூக்கிக்கொண்டு ஓடின அவசரம். அவன் போனை வைத்த பிறகு குளியலறையில் நின்று தொண்டையைச் செருமிச் செருமிச் சளி எடுத்தாள். பச்சையாக, கெட்டியாக, கழுவுதொட்டியில் போகாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. இருபத்தைந்து வருஷத் தொழிலில் தினமும் காலையில் முதலில் பார்த்தது அதைத்தான். ஜனங்கள் தேவதைக் குரல் என்று எழுதுவார்கள். தேவதைக்கு எங்கே சளி? தினமும் அந்தக் கோழையின் நிறத்தை வைத்து அன்றைக்குத் தான் யார் என்று தெரிந்துகொள்கிற பிழைப்பு.

பாடினாள். லியோனி அரை நொடி பிந்தி வாயைத் திறந்தாள். குரல் முந்திப் போய் வெறும் காற்றில் நின்றது, வாய் பின்னால் ஓடிவந்து பிடித்தது. ஓர் அழுக்கான சந்தோஷம், முதுகுத்தண்டில் எறும்பு மாதிரி ஏறியது. அடுத்த வரியை வேண்டுமென்றே நீட்டினால் என்ன ஆகும் என்று நினைத்தாள். சீ என்றாள் தனக்குள். அந்தப் பிள்ளை என்ன செய்தது உன்னை? உன் இடத்துக்கு வந்தாள். அது அவள் குற்றமா? இடைவேளையில் ஒப்பனை அறையில் வந்து எதிரே உட்கார்ந்தாளே. பேசக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் கழுத்தில் ஒரு சின்னக் குறிப்பேட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள், பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற பிள்ளைக்குப் பெயர் எழுதி மாட்டிவிட்ட மாதிரி. அதில் எழுதிக் காட்டினாள்: ‘குரல்நாணில் ரத்தம் கட்டியிருக்கிறதாம். மூன்று வாரம் பாடக்கூடாதாம்.’ ஹெர்மினா தலையாட்டினாள். லியோனி தாளைத் திருப்பி மறுபடி எழுதினாள்: ‘புதன்கிழமை ஊசி போட்டால் பாடலாம் என்கிறார் ஸ்டால்மன். பாடலாமா?’

“எனக்குத் தெரியாது” என்றாள் ஹெர்மினா.

தெரியாதா? தெரியாதாமே. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் அதே ஒப்பனை அறை, ஒருவேளை அதே நாற்காலி, பஞ்சு பிதுங்கிய அதே கைப்பிடி. ஸ்டால்மன் நின்றான், பக்கத்தில் மருத்துவர் நின்றார், அவர் கையில் கார்ட்டிசோன் ஊசி இருந்தது. “ஒரே ஒரு காட்சி, ஹெர்மினா. டிக்கெட் எல்லாம் விற்றுவிட்டது. வீக்கம் வற்றிவிடும், ஒன்றும் தெரியாது.” ஒன்றும் தெரியவில்லைதான். அதுதான் அந்த ஊசியின் குணம். வலி போய்விடும், காயம் இருக்கும், காயத்தின் மேலேயே நின்று இரண்டரை மணி நேரம் கத்தலாம். ஒரு காட்சி மூன்று காட்சி ஆனது. ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் துப்பினபோது சிவப்பாக வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டால்மனிடம் சிரித்தாள். அதற்குப் பிறகு உச்ச ஸ்வரம் எப்போது வரும், எப்போது வராது என்று அவளுக்கே தெரியாமல் போய்விட்டது. பூட்டின வீட்டுக்குள் யாரோ நடமாடுகிற மாதிரி ஒரு பயம் அதற்கப்புறம் எல்லா மேடையிலும் கூடவே நின்றது. பதினொரு வருஷம் அந்தப் பயத்தை மறைத்து ஓட்டினாள். கடைசியில் இதே ராணி வேஷத்தில், இதே மூன்றாம் அங்கத்தில் அது உடைந்தது. ஒரு கீச்சுச் சத்தம். தகரத்தை ஆணியால் கீறினது போல. மாடி இருக்கையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இப்போதும் காதுக்குள் இருக்கிறது, குரும்பி மாதிரி. இவ்வளவும் தெரிந்தவள் ‘எனக்குத் தெரியாது’ என்றாள். அந்தப் பிள்ளை நன்றி சொல்கிற மாதிரி தலையை அசைத்துவிட்டுக் குறிப்பேட்டை மூடிக்கொண்டது.

மேல்ஸ்தாயி ஆண்குரல் பாடும் டெனர் ராடு உள்ளே வந்தான். இனி இரண்டு பேர் பாட்டு. காதலன், தளபதி, ருமேனியாக்காரன், நல்ல மனுஷன், ஆனால் காட்சிக்கு முன்னால் பச்சைப் பூண்டு தின்பான், குரலுக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது வருஷம் அந்தப் பூண்டை அவள் முத்தமிட்டிருக்கிறாள். எத்தனை தளபதிகள், எத்தனை இளவரசர்கள். ஒருத்தன் வாயில் பல்செட்டு, முத்தத்தின்போது லேசாக நகரும். ஒருத்தன் ஒவ்வொரு தடவையும் நாக்கை நீட்டுவான், ஆயிரம் பேர் பார்க்க, என்ன பண்ணிவிடுவாய் என்று. ஒருத்தனின் வியர்வை அவள் கண்ணில் சொட்டும், அவளோ செத்துக் கிடப்பாள், துடைக்க முடியாது. அம்மா தூத்துக்குடியிலிருந்து போனில் கேட்பாள்: “ஏட்டி எர்மி, மேடையில நூறு தடவ சாவுதியே, ஒரு தடவையாவது கல்யாணம் பண்ணிக்கிட மாட்டியா?” போன ஞாயிற்றுக்கிழமைகூடக் கேட்டாள், “இப்பவும் அந்தக் கத்துத கச்சேரிக்குத்தான் போவுதியா?” என்று. வேலை போய் இரண்டு வருஷம் ஆகிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. இசைப்பள்ளியில் சனிக்கிழமைதோறும் பல் விழுந்த பிள்ளைகளுக்கு ஸ்வரம் சொல்லிக்கொடுக்கிறாள் என்று தெரியாது. “ஆமாம்மா” என்றாள். “தொண்டையப் பாத்துக்கோ மக்கா, கருப்பட்டியும் சுக்கும் போட்டு அனுப்பட்டுமா?” என்றாள் அம்மா. அந்த வார்த்தையில்தான் அழுகை வந்தது. அழுகை வந்தால் சளி வரும், சளி வந்தால் குரல் கெடும் என்று உடனே அடக்கிக்கொண்டாள். பாடுவதற்கு மேடை இல்லாதபோதும் அழுகையை அடக்கிக்கொள்கிற தொண்டை. அதை என்னவென்று சொல்ல?

ராடு லியோனியின் தோளைப் பிடித்துக்கொண்டு பாடினான். ஹெர்மினா பதில் பாடினாள், பத்து அடி தள்ளி, நோட்டுத்தாங்கியைப் பார்த்து. அவன் பாடுவதெல்லாம் லியோனியின் முகத்துக்கு. பழக்கதோஷத்தில் ஒரு வரியின் நடுவே அவன் கண் குரல் வந்த பக்கம் திரும்பியது. ஒரு கணம் ஹெர்மினாவைப் பார்த்தான். உடனே லியோனி விரலால் அவன் கன்னத்தைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். நல்ல நடிகை. கெட்டிக்காரி. ஜனங்கள் அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஹெர்மினாவுக்குச் சுருக்கென்றது. அப்புறம் அந்தச் சுருக்கை நினைத்துக் கூசியது. பூண்டு நாற்றமடிக்கிற ஒருத்தனின் பார்வைக்காகவா? இல்லை, பார்வைக்காக இல்லை, விளக்குக்காக. இந்த இடத்தில் வெளிச்சம் தன் மேல் விழாது. மொத்தத் தொழிலே அந்த வெளிச்சம்தான். அதில் நிற்கிறபோது என்னவெல்லாம் பூசிவிட்டார்கள் முகத்தில். முதல் வருஷம் குரல் தேர்வுக்குப் போன இடத்தில் ‘வாஸ்’ என்ற பெயரைப் பார்த்துப் போர்த்துக்கீசியக்காரி என்று நினைத்துக் கூப்பிட்டிருந்தார்கள். கதவைத் திறந்ததும் முகங்கள் மாறின. எங்கள் கடற்கரையில் நானூறு ஐந்நூறு வருஷமாக வாஸும் கர்டோசாவும் மச்சாதுவும் மீன் பிடிக்கிறார்கள் என்று யாருக்கு எடுத்துச் சொல்வது? அப்புறம் சீமாட்டி வேஷம் என்றால் சுண்ணாம்பு மாதிரி ஒன்றை அப்பினார்கள், காதுமடல் வரைக்கும். அடிமைப் பெண் வேஷம் வந்தபோது இருக்கிற கறுப்பு போதாது என்று இன்னும் கொஞ்சம் கறுப்பு பூசினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஞ்சு நெற்றியில் ஊர்ந்தது. நன்றி சொன்னாள், இரண்டு தடவையும். வீட்டுக்குப் போய்த் துடைத்தால் தலையணையில் மறுநாளும் சாயம் இருக்கும். கருவாடு காயப்போட்ட தெருவில் வளர்ந்தவள், அந்த வாடை ஒருநாளும் அவளுக்குக் குமட்டினதில்லை. குமட்டினதெல்லாம் இங்கே, லாவெண்டர் சோப்பு மணக்கிற இந்தச் சுத்தமான கட்டிடத்தில்தான்.

ராடு போய்விட்டான். ராணி தனியாக. கோப்பையில் விஷம். இதோ வருகிறது. பதினாறு அளவுகள், அப்புறம் மெல்ல ஏறி ஏறி அந்த உச்சம். ஹெர்மினாவின் கை தாளைத் திருப்பியபோது விரல் நுனி ஈரமாக இருந்தது. வராது. வந்தால்? வராது. போன தடவை எங்கே உடைந்தது? அந்த ‘ஆ’வில், மூச்சு எடுத்த பிறகு, எடுத்த மூச்சு அதிகமாகி. இப்போது குறைவாக எடு. குறைவாக எடுத்தால் நடுவில் அறும். உடைந்தாலும் யாருக்குத் தெரியும், வாய் அவளுடையது. அந்த நினைப்பு சட்டென்று குளிர்ச்சியாக வந்து நின்றது. உடைந்தால் உடையட்டுமே. ஆயிரம் கண்ணும் அந்த வாயைத்தானே பார்க்கும். சிரிப்பதானால் அதைப் பார்த்துத்தானே சிரிப்பார்கள். இதற்குப் பெயர் தைரியமா? எவ்வளவு கேவலமான தைரியம், அடுத்தவள் முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வருகிற தைரியம். லியோனி கோப்பையை எடுத்தாள். ஏறுகிறது. ஏறுகிறது. லியோனி தலையைப் பின்னால் சாய்த்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, அந்தக் கழுத்துக்குள்ளே கோழிக்குஞ்சின் ஈரல் மாதிரி ஒரு ரத்தக் கட்டி இருக்கிறது என்று ஹெர்மினாவுக்குத் தெரிந்தது. வாய் திறந்தது.

வந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. பதிமூன்று வருஷமாகக் கதவுக்குப் பின்னால் நடமாடினவர் யாரோ, அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார், பயம் இல்லை, அவ்வளவுதான், குரல் இருந்த இடத்தில் இருந்தது. சுத்தமாக, அகலமாக, ஒரு நடுக்கம் இல்லாமல் போய் மேற்கூரையில் நின்றது. அவள் அதை விடவில்லை. தேவைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தாள். கீழே ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர் குச்சியை உயர்த்தியபடி அவளை நிமிர்ந்து பார்த்தார், ராணியைப் பார்க்கவில்லை, அவளைத்தான். மேடையில் லியோனியின் வாய் திறந்தபடியே இருந்தது. அதை மூட முடியாமல், எப்போது முடியும் என்று தெரியாமல், கண் மட்டும் மெல்ல நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. கண்ணில் பயம் இருந்தது. ஹெர்மினா அதைப் பார்த்தாள். பார்த்த பிறகும் இன்னும் ஒரு அளவு பிடித்தாள். பிறகு விட்டாள். உடம்பு முழுக்கத் தித்தித்தது. அந்தத் தித்திப்பு அடங்குகிற வழியிலேயே, நாக்கின் அடியில், பித்தம் மாதிரி ஒன்று ஊறியது. ஊசி போட்டால் அந்தப் பிள்ளை அழிந்துபோகும். அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் புதன்கிழமை யார் பாடுவார்கள்? நீதான். சொல்லாவிட்டால் அவள் பாடுவாள், பாடி அழிவாள், அப்போதும் நீதான். எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பாதை இந்த நோட்டுத்தாங்கியில் வந்து முடிந்தது. காப்பாற்றுவதும் பறிப்பதும் ஒரே வார்த்தையாக எப்படி வந்து சேர்ந்தது? உண்மையை ஒரு நாளாவது சுத்தமான கையால் எடுத்துக் கொடுக்க முடியாதா? ராணி செத்தாள். திரை விழுந்தது.

கைதட்டல் ஓயவே மாட்டேன் என்றது. லியோனி குனிந்து வணங்கினாள், ராடு வணங்கினான், யாரோ ஹெர்மினாவை முதுகில் தள்ளி நடுவுக்கு அனுப்பினார்கள். ஜனங்கள் எழுந்து நின்றார்கள். லியோனி ஹெர்மினாவின் கையைப் பிடித்து உயர்த்தினாள். அந்தக் கை சில்லென்று ஈரமாக, மீன் செவுள் மாதிரி இருந்தது. திரை இறங்கியதும் ஸ்டால்மன் பக்கவாட்டிலிருந்து கைகளை விரித்துக்கொண்டு வந்தான், கண்ணில் தண்ணீர். அவனுக்கு எப்போது வேண்டுமானாலும் கண்ணில் தண்ணீர் வரும்.

“என் தங்கமே! இப்படி ஒரு உச்சத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?” என்று அவள் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். ஈரம் பட்டது. அவள் துடைக்கவில்லை. அவன் லியோனியின் பக்கம் திரும்பினான். “நீயும் அருமையாக நடித்தாய். வீட்டுக்குப் போய் ஓய்வெடு. புதன்கிழமை மருத்துவர் ஆறு மணிக்கு வருவார், சின்ன ஊசி, ஒன்றுமே தெரியாது.”

“தெரியும்” என்றாள் ஹெர்மினா.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“எனக்கு அந்த ஊசி போட்டாய், ஸ்டால்மன். மூன்று தடவை. அப்புறம் ரத்தமாகத் துப்பினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உடைந்ததே, அது அன்றைக்கு உடைந்ததில்லை, பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் நீ உடைத்தது. இவளுக்கு நாணில் ரத்தம் கட்டியிருக்கிறது. ஊசி போட்டுப் பாட வைத்தால் இவள் கதை முடிந்தது.” பிறகு லியோனியிடம் சொன்னாள், “இடைவேளையில் உன்னிடம் பொய் சொன்னேன். போட்டுக்கொள்ளாதே.”

ஸ்டால்மனின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கண்ணில் இருந்த தண்ணீர் அப்படியே இருந்தது. அவன் ஒரு விரலால் மூக்கைத் தடவினான். கணக்குப் போடுகிறபோது அப்படிச் செய்வான்.

“சரி” என்றான். “அப்படியானால் புதன்கிழமை நீ பாடு.”

“ஓரத்தில் நின்று பாட மாட்டேன்.”

அது எங்கிருந்து வந்தது? சொல்லி முடித்த பிறகுதான் ஹெர்மினாவுக்குக் கேட்டது. வேண்டாம் என்று சொல்லப் போகிறோம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டால்மன் சிரித்தான், புரிந்துவிட்டது என்கிற சிரிப்பு, இரண்டு திருடர்கள் ஒரு சந்தில் எதிர்ப்பட்டால் சிரிக்கிற மாதிரி.

“ஓரத்தில் யார் நிற்கச் சொன்னார்கள்? வேஷத்தோடு பாடு. புதன், வெள்ளி, அடுத்த ஞாயிறு. அதற்கப்புறம் பார்ப்போம்.”

அப்போது லியோனி பேசினாள். மூன்று வாரம் ஒரு சத்தமும் எழுப்பக் கூடாத தொண்டையிலிருந்து, கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் விழுந்தது போல் ஒரு சத்தம்: “இது என் வேஷம்.”

“பேசாதே!” என்றாள் ஹெர்மினா. நிஜமாகவே பதறித்தான் சொன்னாள். அந்தப் பதற்றம் பொய் இல்லை. ஆனால் லியோனி அவளைப் பார்த்த பார்வையில் அது பொய்யாகிவிட்டது. கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். சாப்பாட்டில் முடி கிடந்தால் பார்ப்போமே, அப்படி. லியோனி உடுப்புக்குள் மறைத்திருந்த குறிப்பேட்டைக் கழுத்திலிருந்து கழற்றினாள். எதுவும் எழுதவில்லை. அதை ஹெர்மினாவின் கையில் வைத்துவிட்டு, பட்டுப் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். போய்ச் சேரட்டும், மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு என்னைத் திட்டட்டும், திட்டினால் தொண்டை பிழைக்கும் என்று ஹெர்மினா நினைத்தாள். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. எந்த ஓரளவு என்று யோசிக்க அவள் நிற்கவில்லை.

ஐந்து மணிக்குத் தையலறையில் இருந்தாள். உடுப்புப் பொறுப்பாளர் உர்சுலா, அவளை முதல் வருஷத்திலிருந்து தெரிந்தவள், இரண்டு வருஷம் பார்க்காததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ராணியின் சிவப்புப் பட்டு மேஜை மேல் உள்புறம் வெளியே தெரியக் கிடந்தது. கக்கத்தில் லியோனியின் வியர்வை ஓரத்தில் மட்டும் காய்ந்து வெள்ளையாக உப்புக் கோடு போட்டிருந்தது, அதிலிருந்து இளம் உடம்பின் புளித்த வாடை எழுந்தது. உர்சுலா தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

“மூன்று அங்குலமாவது விட வேண்டும், இல்லையென்றால் முதுகில் கொக்கி போடவே முடியாது” என்றாள் நாடாவை எடுத்துக்கொண்டு. “கையைத் தூக்கு.”

ஹெர்மினா கையைத் தூக்கினாள். நாடா இடுப்பைச் சுற்றி வந்தது. அவள் வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டாள்.